ஆளும் உண்டு, வேலையும் உண்டு, பணியிடம்தான் இல்லை: தென்னாப்பிரிக்காவில் குழந்தை நலப் பணியாளர்களின் கதை

தென்னாப்பிரிக்காவின் தேசிய வளர்ச்சித் திட்டம் 2012-இல் வெளிவந்தபோது அதில் ஒரு கணக்கு இருந்தது. நாட்டுக்கு ஏறக்குறைய 55,000 சமூகப் பணியாளர்கள் தேவை. அதே அளவுக்குத் துணைப் பணியாளர்களும், சமுதாய வளர்ச்சிப் பணியாளர்களும், குழந்தைகள், இளையோர் பராமரிப்புப் பணியாளர்களும் தேவை என்றது அது. அதே நாட்டில், அரசாங்கமே உதவித்தொகை கொடுத்து நான்கு வருடம் படிக்கவைத்த சமூகப்பணிப் பட்டதாரிகள் ஆயிரக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். டர்பன் பக்கம் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம் தமிழ்க் குடும்பங்களிலேயே இப்படிப்பட்டவர்களைப் பார்க்கலாம். பட்டம் சுவரில் தொங்கும். பிள்ளை கால் சென்டரில் வேலை பார்க்கும்.

இது எப்படி நடந்தது? 2005-ஆம் ஆண்டின் 38-ஆம் எண் சட்டமான குழந்தைகள் சட்டம் 2010 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் ஒவ்வொரு முக்கியமான படியிலும் ஒரு சமூகப் பணியாளரின் கையெழுத்தையும் அறிக்கையையும் அது கேட்கிறது. அவ்வளவு பேர் நாட்டில் இல்லை என்பது முன்பே தெரிந்ததால், சமூகப் பணி ஆள் பற்றாக்குறை உள்ள துறை என்று அறிவிக்கப்பட்டு, 2007-இல் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. எத்தனை வருடம் அரசுச் செலவில் படிக்கிறாரோ அத்தனை வருடம் அரசுக்கு வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். மாணவர்கள் படித்து முடித்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை. நலத்துறை ஆள் கேட்க, நிதித்துறை பணியிடங்களை முடக்கியது. வேலை செய்தே தீர வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவர்களுக்குக் கொடுக்க வேலை இல்லை என்று அரசு கைவிரித்தது.

பணியாளர் மேம்பாடு என்றாலே நம் அதிகாரிகளுக்கும், ஏன், நம் சங்கங்களுக்கும்கூட, பயிற்சி வகுப்பு, சான்றிதழ், மதியச் சாப்பாடு, குரூப் ஃபோட்டோ என்றுதான் நினைப்பு போகிறது. என்னைக் கேட்டால் இந்த விவகாரத்தில் பயிற்சிதான் இருப்பதிலேயே சுலபமான பகுதி. சிரமம் பணியிடத்திலும் சம்பளத்திலும் மேற்பார்வையிலும் இருக்கிறது. இந்த மூன்றும் இல்லாமல் பயிற்சி மட்டும் கொடுத்தால், பயிற்சி பெற்றவர் வேறு இடத்துக்குப் போய்விடுவார்.

யார் யார் இந்தப் பணியாளர்கள்

சாட்ஸ்வொர்த்தில் இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரே பெயர்: 'வெல்ஃபேர்'. "பக்கத்து வீட்டுக்கு வெல்ஃபேர் வந்தாங்க" என்றால் யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். "வெல்ஃபேர் இன்னும் போடல" என்றால் உதவித்தொகை வரவில்லை என்று பொருள். வந்தவர் யார், அவருக்கு என்ன அதிகாரம் என்று யாரும் கேட்பதில்லை. தெரிந்துகொண்டால் நல்லது.

சமூகப் பணியாளர் நான்கு வருடப் பட்டம் படித்தவர். 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ள தொழில்முறை மன்றத்தில் பதிவு செய்தவர். குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவது அவர் வேலை; ஒரு குழந்தைக்குப் பாதுகாப்புத் தேவையா என்று விசாரித்து முடிக்க அவருக்குச் சட்டம் கொடுக்கும் கெடு 90 நாள். துணைச் சமூகப் பணியாளர் சான்றிதழ் அளவில் படித்து, சமூகப் பணியாளரின் மேற்பார்வையில் வேலை செய்பவர். வீடு வீடாகப் போவது, ஆவணங்கள் சேர்ப்பது, குழுக்களை நடத்துவது எல்லாம் பெரும்பாலும் இவர் தலையில்தான்.

மூன்றாவது வகையைத்தான் நம்மவர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை: குழந்தைகள், இளையோர் பராமரிப்புப் பணியாளர். முன்பு இவர்கள் விடுதிகளிலும் காப்பகங்களிலும் மட்டும்தான் இருந்தார்கள், 'வார்டன்' மாதிரி. 2014-இல் வந்த விதிமுறைகளுக்குப் பிறகு இவர்களும் பதிவு பெற்ற தொழில்முறையாளர்கள். பட்டம் படித்தவர்களுக்கு ஒரு நிலை, சான்றிதழ் படித்தவர்களுக்கு ஒரு நிலை. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. நம் தாத்தாக்கள் காலத்தில் எம்.எல்.சுல்தான் கல்லூரி என்று சொன்னார்களே, அது 2002-இல் நட்டால் டெக்னிக்கனோடு இணைந்து உருவானதுதான் அந்தப் பல்கலைக்கழகம்.

இவர்களுடைய வேலை எங்கே நடக்கிறது என்பதுதான் விசேஷம். சமூகப் பணியாளரைப் பார்க்க நாம் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் உட்கார வேண்டும். பராமரிப்புப் பணியாளர் நம் அடுப்படிக்கு வருவார். எய்ட்ஸ் நோய் உச்சத்தில் இருந்த காலத்தில், தாய் தகப்பன் இருவரையும் இழந்து 15 வயது அக்காவே தம்பி தங்கைகளை வளர்த்த வீடுகள் குவாசூலு-நட்டாலில் ஏராளம். அந்த வீடுகளுக்காக, தேசியக் குழந்தைப் பராமரிப்புப் பணியாளர் சங்கம் 2001-இல் 'இசிபிண்டி' என்ற முறையைத் தொடங்கியது. வேலையில்லாத உள்ளூர்ப் பெண்களையும் இளைஞர்களையும் சேர்த்து, வேலை செய்துகொண்டே படிக்கவைத்து, அதே தெருவில் உள்ள வீடுகளுக்கு அனுப்பினார்கள்.

ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை விடிவதற்குள் அந்த அக்கா எழுந்தாளா, கஞ்சி வைத்தாளா, சின்னவனின் பள்ளிச் சட்டை காய்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பணியாளர் வந்துவிடுவார். மாத்திரை சாப்பிடவேண்டிய பிள்ளை இருந்தால் கண் முன்னால் சாப்பிட வைப்பார். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு பிறப்புச் சான்றிதழுக்காக உள்துறை அலுவலகத்தில் நிற்பார். மத்தியானத்துக்கு மேல் மைதானத்தில் விளையாட்டு, பிறகு வீட்டுப் பாடம், இருட்டுவதற்குள் இன்னொரு முறை வீட்டுக்குப் போய்க் கதவுத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்பது வரை ஒரு பார்வை. வெங்காயம் நறுக்கக் கற்றுக்கொடுக்கும்போதுதான் அந்தப் பெண் அம்மாவின் சாவைப் பற்றி முதல்முறையாக வாய் திறப்பாள். அலுவலக மேஜைக்கு எதிரே உட்காரவைத்துக் கேட்டால் வராத பேச்சு அது. இதைத் தெரிந்து, காத்திருந்து, கேட்டு, தவறாக ஒரு வார்த்தை விட்டுவிடாமல் இருப்பதற்குத்தான் பயிற்சி.

2013-இல் அரசு இந்த முறையை நாடு முழுக்கக் கொண்டுபோக முடிவு செய்து, ஐந்து வருடத்தில் 10,000 பேருக்குப் பயிற்சி கொடுப்பதாக அறிவித்தது. பயிற்சி நடந்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது சம்பளம் என்று சொல்ல முடியாத ஒரு சிறு உதவித்தொகை, அதுவும் ஒப்பந்தம் முடியும் வரைதான். ஐந்து வருடம் ஒரே வீட்டுக்குப் போய்வந்த பணியாளர் ஒப்பந்தம் முடிந்ததும் நின்றுபோனால், ஏற்கெனவே ஒரு தாயை இழந்த பிள்ளைக்கு அது என்ன ஆகும் என்று யோசித்துத்தான் திட்டம் போட்டார்களா, தெரியவில்லை.

முன்கதை கொஞ்சம்

1860 நவம்பர் 16-ஆம் தேதி இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான 'ட்ரூரோ' மதராஸிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்தது முதல், கரும்புத் தோட்டத்து லைன் வீடுகளில் ஒரு பிள்ளை அநாதையானால் பக்கத்து வீட்டுக்காரர்தான் எடுத்து வளர்த்தார். அரசாங்கம் எட்டிப் பார்க்கவில்லை. சமுதாயம் தானே கட்டிக்கொண்ட நிறுவனங்கள் பிறகு வந்தன. 1921-இல் டர்பனில் தொடங்கிய ஆர்ய பெனவலன்ட் ஹோம் இன்றும் முதியோரையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் என ஊருக்கு ஊர் குழந்தை நலச் சங்கங்கள் இருக்கின்றன. தொண்டர்களும் நன்கொடையும் கைகொடுக்க நடக்கும் வேலை இது.

நிறவெறி ஆட்சியில் நலத்துறையும் நிறவாரியாகப் பிரிந்துதான் இருந்தது. இந்தியருக்கு, வெள்ளையருக்கு, கலப்பினத்தாருக்கு, கறுப்பினத்தாருக்கென்று ஒதுக்கிய ஒவ்வொரு 'தாயகத்துக்கும்' என்று 14 துறைகள். 1961-இல் சாலிஸ்பரி தீவில் இந்தியருக்கென்று தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிதான் பிறகு டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் ஆனது. நம் மூத்த சமூகப் பணியாளர்கள் பலர் அங்கே படித்தவர்கள். 1994-க்குப் பிறகு 14 துறைகளும் ஒன்றாயின. அதோடு, கலப்பின, இந்தியத் தாய்மார்களுக்கு அதிகமாகவும் கறுப்பினத் தாய்மார்களுக்கு மிகக் குறைவாகவும் போய்க்கொண்டிருந்த பராமரிப்பு உதவித்தொகை எடுக்கப்பட்டு, 1998 ஏப்ரலில் எல்லா ஏழைக் குழந்தைகளுக்கும் 100 ரேண்ட் என்று குழந்தை ஆதரவுத் தொகை வந்தது. முதலில் 7 வயதுக்குள் உள்ளவர்களுக்கு மட்டும். இன்று 18 வயது வரை. நியாயமான மாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சாட்ஸ்வொர்த்தின் வாடகை வீடுகளில் தனியாகப் பிள்ளை வளர்த்த பெண்களுக்கு அந்த வருடங்கள் பலத்த அடி. அப்போது வாசலில் நின்று திட்டு வாங்கியவரும் 'வெல்ஃபேர்'தான்.

ஃபாஸ்டர் கோப்புகள் மூழ்கடித்த கதை

பணியாளர் நேரம் எங்கே போகிறது என்று கேட்டால் பலரும் 'ஃபாஸ்டர்' என்று ஒரே வார்த்தையில் சொல்வார்கள். 2025 ஏப்ரல் கணக்குப்படி குழந்தை ஆதரவுத் தொகை மாதம் 560 ரேண்ட். வளர்ப்புப் பராமரிப்புத் தொகை, அதாவது ஃபாஸ்டர் பணம், 1,250 ரேண்ட். பெற்றோரை இழந்த பேரப் பிள்ளையை வளர்க்கும் ஆயா எதற்கு விண்ணப்பிப்பார்? இரண்டாவதற்குத்தான். அரசும் 2000-களின் தொடக்கத்தில் அப்படியே செய்யச் சொல்லி ஊக்குவித்தது. ஆனால் அந்தப் பணம் நீதிமன்ற உத்தரவு இருந்தால்தான் வரும். உத்தரவு பொதுவாக இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். புதுப்பிக்க மறுபடியும் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுத வேண்டும்.

ஒருவரிடம் 200 ஃபாஸ்டர் கோப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 100 புதுப்பிப்பு. வாரத்துக்கு இரண்டு, வருடம் முழுக்க, விடுப்பே எடுக்காமல். இதற்கு நடுவில் யாரோ ஒரு பிள்ளையை அடித்துவிட்டார்கள் என்று பள்ளியிலிருந்து ஃபோன் வரும். பன்னிரண்டு வயதுப் பெண் வீட்டை விட்டு ஓடிவிட்டாள் என்று போலீஸ் கூப்பிடும். ஆயாவின் கோப்பு அடியில் போய்விடும், உத்தரவு காலாவதியாகிவிடும், பணம் நின்றுவிடும். நாடு முழுக்க ஃபாஸ்டர் பிள்ளைகள் எண்ணிக்கை 2010 வாக்கில் 5 லட்சத்தைத் தாண்டியபோது இது பல்லாயிரம் வீடுகளில் ஒரே நேரத்தில் நடந்தது. 2011-இல் குழந்தைச் சட்ட மையம் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்துக்குப் போய், காலாவதியான உத்தரவுகள் செல்லும் என்று ஒரு தற்காலிக ஏற்பாட்டை வாங்கியது. தற்காலிகம் என்றது 2014-இல் நீண்டது, 2017-இல் நீண்டது, அதற்குப் பிறகும் நீண்டது.

கடைசியில் வந்த தீர்வு இரண்டு துண்டு. அநாதைப் பிள்ளையை வளர்க்கும் உறவினருக்குக் குழந்தை ஆதரவுத் தொகையோடு அதில் பாதியைக் கூடுதலாகக் கொடுப்பது, நீதிமன்றம் போகாமலேயே. இது 2022-இல் தொடங்கியது. அப்புறம், குழந்தைகள் சட்டத் திருத்தம் 2023-இல் நடைமுறைக்கு வந்து, உறவினர் வீட்டில் பத்திரமாக இருக்கும் அநாதைப் பிள்ளை 'பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தை' என்ற வரையறைக்குள் தானாக வராது என்று ஆக்கியது. ஆக, கோப்புகள் மெல்லக் குறைய வேண்டும். மிச்சமாகும் நேரம் அடிபடும், பட்டினி கிடக்கும் பிள்ளைகளுக்குப் போக வேண்டும்.

சாட்ஸ்வொர்த்தில் இதற்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே பேரப் பிள்ளைகளை ஆயாக்கள் வளர்ப்பதற்கு முக்கியக் காரணம் சாவு மட்டுமில்லை, 'ஷுகர்ஸ்'. 2000-களின் நடுவில் பரவிய, ஹெராயின் கலந்த அந்த மலிவான போதைத்தூள் ஒரு தலைமுறையைத் தின்றுவிட்டது. பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள், தெருமுனையில் நிற்கிறார்கள், சில நாள் வீட்டுக்கு வந்து பிள்ளையின் பள்ளிக்கூட ஷூவை எடுத்துப்போய் விற்கிறார்கள். பிள்ளை அநாதை இல்லை. ஆகவே கூடுதல் தொகை இல்லை. ஆயா ஃபாஸ்டர் வழியில்தான் போக வேண்டும். அதற்குச் சொந்த மகளே பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாள் என்று நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். சொல்ல வாய் வராமல் திரும்பி வந்த பாட்டிகளை எனக்குத் தெரியும். இங்கே வேண்டியது படிவம் நிரப்பும் ஆள் இல்லை. மகளையும் தாயையும் பேரனையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசத் தெரிந்த, போதை என்றால் என்ன என்று தெரிந்த ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவருக்குப் பணியிடம் எந்தப் பட்டியலில் இருக்கிறது?

சங்கத்துச் சம்பளம்

சட்டப்படி அரசு செய்ய வேண்டிய வேலையில் பெரும் பங்கைத் தொண்டு நிறுவனங்கள்தான் செய்கின்றன. அரசு அவற்றுக்கு மானியம் தருகிறது, முழுச் செலவையும் தருவதில்லை. விளைவு, ஒரே படிப்பு, ஒரே பதிவு, ஒரே நீதிமன்றம். சம்பளம் மட்டும் அரசு ஊழியரைவிடக் கணிசமாகக் குறைவு. ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்துத் தொண்டு நிறுவனங்கள் இதைச் சும்மா விடவில்லை. 2010-இல் வழக்குப் போட்டு, இந்த நிறுவனங்கள் அரசின் சொந்தக் கடமையைத்தான் நிறைவேற்றுகின்றன, மானியக் கொள்கை அதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்று தீர்ப்பு வாங்கின. அதன்பிறகும் பல வருடம் கொள்கையைத் திருத்தி எழுதுவதிலேயே போனது.

என் சித்தி மகள் ஒரு தொண்டு நிறுவனத்தில் சமூகப் பணியாளராக இருந்தவள். "ட்ரெய்னிங் சர்ட்டிஃபிகேட் ஒரு ஃபைல் நிறைய இருக்குண்ணே, பெட்ரோலுக்குத்தான் காசில்ல" என்பாள். அரசுப் பணியிடம் கிடைத்ததும் போய்விட்டாள். யாரும் குறை சொல்ல முடியாது. அவள் விட்டுப்போன கோப்புகள் பட்டம் வாங்கிய கையோடு வந்த ஒரு பெண்ணிடம் போயின. அந்தப் பெண்ணுக்குச் சொல்லித்தர மேற்பார்வையாளர் இல்லை. அந்த இடமும் காலி. இந்த வேலையில் மேற்பார்வை என்பது வருகைப் பதிவேட்டைப் பார்ப்பது இல்லை. 'அந்தப் பிள்ளையை இன்றைக்கே வீட்டிலிருந்து எடுப்பதா, ஒரு வாரம் பார்ப்பதா' என்று கை நடுங்கும்போது கூட உட்கார்ந்து யோசிக்கும் ஆள்தான் மேற்பார்வையாளர். அவர் இல்லாத இடத்தில் இளம் பணியாளர்கள் இரண்டில் ஒன்றுதான் செய்கிறார்கள்: அவசரப்பட்டுப் பிள்ளையை எடுத்துவிடுகிறார்கள், இல்லையென்றால் பயந்து ஒன்றுமே செய்வதில்லை.

மொழியும் சேர்ந்துகொள்கிறது. தமிழில் பேசும் ஆயாக்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குக் குறைந்துவிட்டார்கள், ஆங்கிலம் போதும். ஆனால் ஃபீனிக்ஸில் வேலை செய்பவர் பக்கத்தில் இனாண்டாவுக்கும் போக வேண்டும், அங்கே சூலு இல்லாமல் ஒரு அடி நகராது. 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸ் பகுதியில் 30-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் கறுப்பினத்தவர், கொல்லப்பட்ட பிறகு இது வெறும் வசதி விஷயமாக இல்லை. நம் பிள்ளைகள் சமூகப்பணி படிக்கப் போனால் சூலுவைப் பேச்சளவிலாவது படித்துவிட்டுப் போகட்டும் என்பது என் கட்சி.

முன்பள்ளிக் கணக்கு

முன்பள்ளிகளின் நிலைமை இன்னும் மோசம், ஆனால் சீக்கிரம் சொல்லிவிடலாம், ஏனென்றால் கணக்கே பேசும். 2021-இல் எடுத்த கணக்கெடுப்பில் நாடு முழுக்க 42,420 முன்பள்ளி மையங்கள் இருந்தன. மானியம் பெற்றவை மூன்றில் ஒரு பங்குதான். 2022 ஏப்ரல் 1 முதல் இவை நலத்துறையிலிருந்து அடிப்படைக் கல்வித்துறைக்கு மாறின. மானியம் பல வருடமாக ஒரு பிள்ளைக்கு ஒரு நாளுக்கு 17 ரேண்ட்; 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 24 ஆக உயர்த்தினார்கள். 20 பிள்ளைகள், மாதம் 22 நாள் என்றால் பழைய கணக்கில் 7,480 ரேண்ட், புதிய கணக்கில் 10,560. பிள்ளைகளின் சாப்பாடும் வாடகையும் தண்ணீரும் மின்சாரமும் இதற்குள்தான். பாதியைச் சம்பளத்துக்கு ஒதுக்கினால் 5,280. 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்ட், நாளுக்கு எட்டு மணி நேரம், 22 நாள் என்றால் 5,067. அதாவது உயர்த்திய மானியத்திலும் ஒரே ஒரு ஆசிரியைக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுக்கலாம், உதவியாளருக்கு ஒன்றும் மிஞ்சாது. மீதியைப் பெற்றோர் கட்டணத்தில் ஈடுகட்டலாம் என்றால், கட்டணம் கட்ட முடியாத பெற்றோரின் பிள்ளைகளுக்காகத்தானே மானியமே. இந்தச் சம்பளத்தில் இருப்பவரிடம் போய், டிப்ளமா படி, மேலே வா என்கிறோம்.

கோயிலுக்கும் இதில் பங்கு உண்டு

சம்பளம் வாங்காத ஒரு பெரிய படை நம்மிடம் இருக்கிறது: சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துபவர்கள், தேவாரம், நடனம் சொல்லித்தருபவர்கள், காவடிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்பவர்கள், ஆடி மாதக் கூழ் ஊற்றும்போது நூறு பிள்ளைகளை மேய்க்கும் அத்தைமார்கள். இவர்களையும் சட்டம் கணக்கில் வைத்திருக்கிறது, பலருக்குத் தெரியாது. குழந்தைகள் சட்டத்தின் 110-ஆவது பிரிவு, பிள்ளையை உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ யாரோ துன்புறுத்துகிறார்கள், அல்லது வேண்டுமென்றே கவனிக்காமல் விடுகிறார்கள் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவர்களின் பட்டியல் ஒன்றைத் தருகிறது. ஆசிரியர், மருத்துவர், வழக்கறிஞர் வரிசையில் மதத் தலைவர்களும் இருக்கிறார்கள். கோயில் குருக்களும் அதில் அடக்கம். 'குடும்ப விஷயம், பெரியவர்கள் பேசித் தீர்த்துவிட்டோம்' என்று மூடிவிடுவது அவருக்குச் சட்டம் அனுமதிக்காத காரியம். படிவம் 22-ஐ நிரப்பிக் குழந்தைப் பாதுகாப்பு நிறுவனத்திடமோ மாநில நலத்துறையிடமோ காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்தவர்மேல் அதற்காக வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்க முடியாது.

அடியாத மாடு படியாது என்று வளர்ந்தவர்கள் நாம். 2019 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், பெற்றோர் 'மிதமாகக் கண்டித்தேன்' என்று சொல்லித் தப்பிக்கும் வழியையும் அடைத்துவிட்டது. சரி, அடிக்காமல் எப்படி வளர்ப்பது என்று சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? அதற்கும் ஆள் வேண்டும். இருக்கிற பராமரிப்புப் பணியாளர்களே அதற்குப் பொருத்தமானவர்கள். நம் கோயில் மண்டபங்கள் வாரத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கின்றன. ஒரு பணியாளரின் சம்பளத்தை இரண்டு மூன்று கோயில்கள் சேர்ந்து ஏற்றுக்கொண்டால், அன்னதானக் கணக்கில் பெரிய ஓட்டை விழாது என்று நினைக்கிறேன். முழு நேரச் சம்பளமாக இருக்கட்டும், சால்வையோடு நிறுத்திவிட வேண்டாம்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். பிள்ளைகளுக்குச் சேவை செய்யும் சங்கமோ மன்றமோ, அங்கே பிள்ளைகளோடு பழகும் இடத்தில் இருப்பவர்களின் பெயர் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியில்லை என்று தீர்மானிக்கப்பட்டவர்களின் பட்டியல் அது. விண்ணப்பம் படிவம் 30-இல். பாலியல் குற்றவாளிகள் பதிவேடு தனி. அதற்கு வேறு படிவம். பதில் உடனே வந்துவிடாது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் புது ஆசிரியர்களை வைத்து வகுப்பு தொடங்க நினைக்கும் சங்கங்கள் தீபாவளிக்கு முன்பே அனுப்பிவிடுவது நல்லது.